தேனும் மிளகும் சேர்த்த ரோமானியப் பால் முட்டை: வீட்டில் செய்வோருக்கு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன பண்டம்?

நான்கு முட்டை, ஒரு ஹெமினா பால், ஒரு உன்கியா எண்ணெய் (இரண்டும் ரோமானிய அளவுகள், இன்றைய கணக்கு கீழே வருகிறது). மூன்றையும் ஒன்றாகும்வரை கலக்கு. மெல்லிய சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கொதிக்கவிட்டு, கலவையை ஊற்று. ஒரு பக்கம் வெந்ததும் தட்டில் கவிழ்த்து, தேன் ஊற்றி, மிளகு தூவிப் பரிமாறு. மூலக் குறிப்பில் இருப்பதே இவ்வளவுதான். இலத்தீனில் 'ஓவா ஸ்பாஞ்சியா எக்ஸ் லாக்தே' என்று பெயர், நான் பால் முட்டை என்றே சொல்லப்போகிறேன்.

அப்பிசியஸ் என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் தொகுப்பின் ஏழாம் பகுதியில், வீட்டு இனிப்புகளோடு இது இருக்கிறது. அப்பிசியஸ் என்பவர் கி.பி. முதல் நூற்றாண்டில், திபேரியஸ் பேரரசர் காலத்தில் வாழ்ந்த பெரிய சாப்பாட்டு ரசிகர். ஆனால் தொகுப்பு இன்றுள்ள வடிவத்துக்கு வந்தது அவருக்கு முன்னூறு ஆண்டுகளுக்கும் பின்னால்தான். 9ஆம் நூற்றாண்டில் படியெடுத்த இரண்டு கையெழுத்துப் பிரதிகள் நமக்கு மிஞ்சியிருக்கின்றன, ஒன்று வத்திக்கானிலும் மற்றொன்று நியூயார்க்கிலும். அச்சில் வந்தது 1498இல், மிலான் நகரில்.

பினாங்கில் இருக்கும் தமிழர் எதற்காக ரோமானியர் இனிப்பைச் செய்ய வேண்டும்?

மிளகுக்காக. இதை மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் செய்து பார்ப்பவர்கள் பலரும் முதலில் கைவிடுவது மிளகைத்தான். "இனிப்புக்கு மிளகா, வேண்டாம்" என்று விட்டுவிட்டு, தேன் ஊற்றிய ஆம்லெட்டைத் தின்றுவிட்டு, ரோமானியர் சமையல் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.

அந்த மிளகு நம் பக்கத்திலிருந்து போனது. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறித் துறையை அகநானூற்றின் 149ஆம் பாட்டு காட்டுகிறது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, கோயில் வளாகத்தில் புதைந்திருந்த ஒரு இந்தியச் சாடிக்குள் ஏழு கிலோவுக்கு மேல் கருமிளகு கிடைத்தது. அதே ஊரில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் கிடைத்திருக்கிறது. ரோம் நகரில் டொமிஷியன் பேரரசர் மிளகுக்கென்றே கிடங்கு கட்டினார். கி.பி. 408இல் அந்த நகரை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவர் அலாரிக், விலகிப்போகக் கேட்டவற்றில் 3,000 ராத்தல் மிளகும் ஒன்று. இப்படியெல்லாம் கடல் கடந்து போன சரக்கு கடைசியில் எப்படிச் சாப்பிடப்பட்டது என்று யாராவது கேட்டால், அதற்கு ஒரு பதில் இந்தத் தட்டில் இருக்கிறது.

பினாங்குக்கும் மிளகோடு பழைய உறவு உண்டு. இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் காலத்திலேயே இங்கே மிளகு பயிரிட்டார்கள். ஆயர் ஈத்தாம் சாலையில் சஃபோக் ஹவுஸ் என்ற பழைய மாளிகை நிற்கும் இடம் அவருடைய மிளகுத் தோட்டமாக இருந்ததுதான்.

இனிப்பில் மிளகு நம் நாக்குக்கு ஒத்துவருமா?

நம் நாக்குக்கு ஒத்துவராவிட்டால் வேறு யாருக்கு வரும்? இருமல் வந்தால் தேனில் மிளகுத்தூள் குழைத்துக் கொடுத்த வீடுகள் நம் வீடுகள். சுக்கு மல்லிக் காப்பியில் கருப்பட்டியும் மிளகும் சேர்ந்தே கொதிக்கின்றன, பானகத்திலும் சிலர் மிளகு தட்டிப் போடுகிறார்கள். அப்பிசியஸ் தொகுப்பின் மற்ற இனிப்புகளிலும் மிளகு வருகிறது. கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே பருப்போ மிளகோ அடைத்து, உப்பில் புரட்டித் தேனில் பொரித்த பேரீச்சம்பழம்கூட அதே இடத்தில்தான் இருக்கிறது.

அளவெல்லாம் இன்றைய கணக்கில் எவ்வளவு?

ஹெமினா சுமார் 270 மில்லிலிட்டர். உன்கியா சுமார் 27 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். முட்டையில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நம் ஊர்க் கடைகளில் 'ஏ' கிரேடு முட்டை 65 கிராமுக்கு மேல் இருக்கும், அதைப் போட்டால் முட்டை வாசம் தூக்கலாகி ஆம்லெட் பக்கம் சாய்ந்துவிடும். 'சி' கிரேடு நான்கு போதும். கம்போங் கோழி முட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. அது சிறியது, அதனால் ஐந்து தேவைப்படலாம். மஞ்சள் கருவின் நிறம் பண்டத்துக்கே அழகு.

தேனுக்கும் மிளகுக்கும் மூலத்தில் அளவு இல்லை. நான்கு பேருக்கு நான்கு மேசைக்கரண்டி தேன், முக்கால் தேக்கரண்டி மிளகு என்று தொடங்குங்கள். உப்பு சொல்லப்படவில்லை, நான் சேர்ப்பதும் இல்லை.

எந்தப் பால்?

ரோமானியர் வீடுகளில் ஆட்டுப்பாலும் செம்மறிப்பாலும்தான் அதிகம் புழங்கின. வெள்ளாட்டுப்பால் கறந்து விற்பவர் உங்கள் பக்கம் இருந்தால் வாங்குங்கள். வாசத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், தேனும் மிளகும் அதை அடக்கிவிடும். கிடைக்காவிட்டால் முழுக்கொழுப்புப் பசும்பால். பெட்டியில் வரும் நீண்டகாலப் பாலும் பரவாயில்லை. கொழுப்பு நீக்கிய பால் மட்டும் வேண்டாம். எவாப்பரேட்டட் பாலும், டீ ஆற்றும் இனிப்புக் கட்டிப்பாலும் வேறு பண்டம் செய்யத்தான் உதவும்.

எண்ணெய்?

ஆலிவ் எண்ணெய்தான். மென்மையான வாசமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தங்கள் வாசத்தாலேயே தட்டை ஆண்டுவிடும். நெய், வெண்ணெய் ஊற்றினால் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் ரோமானியர் சமையலின் கொழுப்பு எண்ணெய், அந்த எளிமையில்தான் தேன் தெளிவாகத் தெரிகிறது.

எந்தத் தேன்?

பண்டத்தில் இனிப்பு என்று இருப்பது தேன் ஒன்றுதான், எனவே சீனிப்பாகு கலந்த மலிவுத் தேனை ஊற்றி மற்ற வேலையை வீணாக்காதீர்கள். ரோமானியர் கொண்டாடிய தேன்கள், ஏதென்ஸ் பக்கத்து ஹைமெட்டஸ் மலைத் தேன் போன்றவை, தைம் பூவின் வாசம் மிகுந்தவை. அதற்கு ஈடாக நம் நாட்டில் எனக்குப் பிடித்தது துவாலாங் தேன். பெரிய காட்டு மலைத்தேனீக்கள் உயரமான துவாலாங் மரங்களில் கட்டும் அடையிலிருந்து எடுப்பது அது, கருமையும் கனமும் லேசான கசப்பும் உள்ளது. முட்டையின் மென்மைக்கு அந்தக் கசப்பு நன்றாகப் பொருந்துகிறது.

கெலுலுத் தேனைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கொட்டாத சின்னத் தேனீயின் அந்தத் தேன் நீர்த்தது, புளிப்பானது. இதன் மேல் ஊற்றினால் உடனே உறிஞ்சிக்கொண்டு தட்டையே நனைத்துவிடும். தனியாகக் குடிக்க அருமை, இங்கே வேண்டாம்.

நம் ஊர் வெப்பத்துக்குத் தேனைச் சூடுபடுத்த வேண்டிய அவசியமே இல்லை, அப்படியே இளகி ஓடும்.

மிளகு? கருப்பா, வெள்ளையா, திப்பிலியா?

மூன்றும் ரோமில் விற்றன. ரோமானிய எழுத்தாளர் பிளினி விலையையே எழுதி வைத்திருக்கிறார்: ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு), வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. கூடவே, காரத்தைத் தவிர வேறு எந்த நலனும் இல்லாத இந்தப் பொருளுக்காக நாம் இந்தியாவரை போகிறோமே என்று வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறார். அவர் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். இவ்வளவு பழைய மனிதர் மிளகு விலையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதைப் படிக்கும்போது எனக்கு அந்தக் காலம் சட்டென்று பக்கத்தில் வந்துவிடுகிறது.

வீட்டுக்கு நான் சொல்வது கருமிளகு. மலேசிய மிளகில் பெரும்பங்கு விளைவது சரவாக்கில், அது எந்தக் கடையிலும் கிடைக்கும். மலபார் மிளகுதான் வேண்டும் என்பவர்கள் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலோ, கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கமோ மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பொடியாக வாங்காதீர்கள். மிளகின் வாசம் காற்றில் பறந்துவிடும், காரம் மட்டும் பொடியில் தங்கும். பிறகு அது தும்மலுக்குத்தான் ஆகும். பரிமாறும் நேரத்தில் சின்ன உரலில் போட்டு ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். ஒரு மிளகு நாலைந்து துண்டாக உடைந்தால் போதும். அந்தத் துண்டு பல்லில் மாட்டும்போது தேன் முதலில் வருகிறது, பால் வருகிறது, அப்புறம்தான் காரம் மெல்ல ஏறுகிறது. மிளகின் காரம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால் எண்ணெயும் மஞ்சள் கருவும் உள்ள இந்தப் பண்டத்தில் அது வாயில் நின்று நிதானமாகப் பரவுகிறது.

திப்பிலி நாட்டு மருந்துக் கடையில் வாங்கலாம். வாணலியில் லேசாகச் சூடுகாட்டி இடித்தால் இனிப்பு கலந்த ஒரு வாசம் வரும். கஷாயத்தோடு மட்டும் அதைப் பழகியவர்கள் ஒருமுறை தேனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வெள்ளை மிளகில் தோலை ஊறவைத்து நீக்குவதால் ஒரு மக்கிய வாசம் இருக்கும், சூப்புக்கு அது சரி.

செய்முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

முட்டையை முதலில் தனியாக அடியுங்கள். நுரை வேண்டியதில்லை, வெள்ளையும் மஞ்சளும் கோடு தெரியாமல் கலந்தால் போதும். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். மஞ்சள் கரு எண்ணெயைப் பிடித்துவைக்கும் தன்மை உள்ளது, பாலை முதலில் ஊற்றிவிட்டால் அந்தப் பிடிப்பு குறைந்து எண்ணெய் மிதக்கும். பிறகு பாலை விட்டு வடிகட்டுங்கள். கலவை தண்ணீராக ஓடும், பதறாதீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

22 செ.மீ. அளவுள்ள தட்டையான சட்டி எடுங்கள். ஒட்டாத சட்டியே நல்லது. நன்கு பழகிய இரும்புத் தோசைக்கல்லிலும் வரும், ஆனால் பாலின் சர்க்கரை அடிப்பிடிக்கும் என்பதால் கவனம் வேண்டும். குழிந்த குவாலி வேண்டாம், நடுவில் குளம் கட்டிவிடும். கேஸ் அடுப்போ இண்டக்‌ஷனோ, எதுவும் சரி.

ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மிதமான தீயில் காயவிடுங்கள். ஒரு சொட்டுக் கலவையை விட்டால் சுர்ரென்று சத்தம் வர வேண்டும். கலவையை மறுபடி ஒரு கலக்குக் கலக்கி, நான்கில் ஒரு பங்கை ஊற்றுங்கள். மூலத்தில் இப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. முழுவதையும் இந்த அளவுச் சட்டியில் ஊற்றினால் ஒரு செ.மீ.க்கு மேல் நிற்கும், மேலே வேகும்முன் அடியில் கருகும். மெல்லிய சட்டி என்று சொன்னவர் மனதில் மெல்லிய ஏடுதான் இருந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஊற்றியவுடன் தீயைக் குறையுங்கள். ஓரம் முதலில் வெளுத்து, சட்டியிலிருந்து விலகி, சின்னச் சின்ன ஓட்டைகளோடு சுருங்கும். பாலில் உள்ள நீர் சூடான எண்ணெயில் ஆவியாகி முட்டைக்குள் மாட்டிக்கொள்வதால் வரும் ஓட்டைகள் அவை. பண்டத்தின் பஞ்சுத்தன்மை முழுக்க அங்கிருந்துதான் வருகிறது, பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். நடுப்பகுதி இன்னும் பளபளப்பாக இருக்கும்போது மூடி போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். மூடி மூலத்தில் இல்லாத என் சேர்க்கை, ஆனால் அது இல்லாமல் மேல்பக்கம் நம்பும்படி வேகாது. சட்டியைச் சாய்த்தால் மேலே எதுவும் ஓடக்கூடாது, விரலால் தொட்டால் ஈரமாக ஒட்டக்கூடாது. அதுதான் பதம்.

சட்டியின் மேல் தட்டை வைத்து ஒரே வீச்சில் கவிழ்த்துவிடுங்கள். பொன்னிறப் பக்கம் மேலே வரும். சூடு ஆறும்முன் தேன். தேன் ஓட்டைகளில் இறங்குவதைப் பார்க்கலாம். மேலே மிளகு. உடனே சாப்பிடுங்கள்.

எனக்குக் கவிழ்க்கும்போது பிய்ந்துபோகிறது. கொஞ்சம் மாவு சேர்த்தால் என்ன?

மாவு சேர்த்தால் பிய்யாது, அப்பமாகிவிடும். அப்பம் சாப்பிட ஆசை என்றால் அப்பமே சுடுங்கள், நமக்கு அதில் குறையே இல்லை. இந்தப் பண்டத்தில் மாவே கிடையாது, நாக்கில் வைத்தவுடன் கரைவதற்குக் காரணமும் அதுதான். பிய்ந்தால் அனேகமாக அவசரம்தான் காரணம்: ஓரம் தானாக விலகும்வரை பொறுங்கள். கரண்டியால் திருப்பாமல் தட்டால் கவிழ்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தட்டில் தண்ணீர் விடுகிறதே?

தீ அதிகம், அல்லது நேரம் அதிகம். முட்டைப் புரதம் சூட்டில் ஒன்றோடொன்று பின்னிப் பாலைப் பிடித்துக்கொள்கிறது. சூடு மேலும் ஏறினால் அந்தப் பின்னல் இறுகி நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். செய்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டாலும் இப்படி ஆகும்.

ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது பாதுகாப்பானதா?

மூடி போட்டு மேல்பக்கமும் கெட்டியாகும்வரை விட்டால் பாதுகாப்பானதுதான். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் நடுவில் 71 டிகிரி செல்சியஸைத் தாண்டியதா என்று பார்க்கலாம். கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை நமக்குப் பழக்கம் என்றாலும், கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்கும்போது நன்றாக வெந்ததையே கொடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது, ஒரு சொட்டுகூட.

தேங்காய்ப்பால், பாண்டான் இலை, சீனி?

மூன்றும் சேர்ந்தால் அது செரிக்காயா, அதுவும் நல்ல பண்டம்தான், ஆனால் அதன் கதை வேறு. ரோமானியருக்குச் சீனி தெரியும், மருந்துப் பொருளாக மட்டும். வனிலா அமெரிக்கக் கண்டத்துச் செடி, அவர்கள் கண்ணிலேயே பட்டிராது. ஏலக்காய் போடலாமே என்று அம்மாக்கள் எல்லோரும் சொல்வார்கள். முதல் தடவை மட்டும் எதையும் சேர்க்காமல் குறிப்பில் உள்ள ஐந்து பொருளோடு செய்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஐந்தின் ருசி தெரிந்த பிறகு நீங்கள் சேர்ப்பது எதுவும் உங்கள் உரிமை.

ரோமானியர் எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுவார்களாமே?

ஏறக்குறைய. லிக்குவாமென் என்ற அந்த மீன் சாறு இனிப்புச் சேர்ந்த முட்டைப் பண்டத்தில்கூட வருகிறது. அதே தொகுப்பில் பேரிக்காயை அவித்து மசித்து, மிளகு, சீரகம், தேன், திராட்சை மது, மீன் சாறு, எண்ணெய், முட்டை சேர்த்துச் செய்யும் ஒன்று உண்டு. அதைச் செய்பவர்கள் தாய்லாந்து மீன் சாறு சில துளி விடலாம், கிளந்தானின் புடு என்ற மீன் சாறு மிகவும் கெட்டி. நம் பால் முட்டையில் மீன் சாறு கிடையாது.

முஸ்லிம் நண்பர்களுக்குக் கொடுக்கலாமா? புரட்டாசியில்?

பால் முட்டையில் முட்டை, பால், ஆலிவ் எண்ணெய், தேன், மிளகு மட்டுமே, மது இல்லை. தாராளமாகக் கொடுக்கலாம். மேலே சொன்ன பேரிக்காய்ப் பண்டத்தில் மது இருப்பதால் அது வேண்டாம். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான், முட்டையில்லாமல் இதைச் செய்ய வழி இல்லை.

திறந்த இல்ல உபசரிப்புக்கு நிறையப் பேருக்குச் செய்ய முடியுமா?

பால் முட்டை வேண்டாம். ஒவ்வொன்றாகச் சுட்டு உடனே கொடுக்க வேண்டியது என்பதால், தீபாவளியன்று வீட்டுக்காரர் அடுப்படியிலேயே நிற்க நேரிடும். அதற்குப் பதிலாகத் தொகுப்பில் இதற்குச் சற்று முன்பே இருக்கும் திரோபாத்தினாவைச் செய்யுங்கள். பாலைத் தேனோடு இனிப்பாகக் கலந்து, ஒரு செக்ஸ்தாரியஸ் பாலுக்கு ஐந்து முட்டை, ஹெமினா என்றால் மூன்று, நன்றாகக் கலக்கி, மண்சட்டியில் வடிகட்டி, மெல்லிய தீயில் வேகவைத்து, இறுகியதும் மிளகு தூவச் சொல்கிறது குறிப்பு. செக்ஸ்தாரியஸ் என்பது இரண்டு ஹெமினா, சுமார் 540 மில்லிலிட்டர். தேன் ஐந்து மேசைக்கரண்டி போடலாம். புளிப்பில்லாத தேனாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பால் திரியக்கூடும்.

வட்டலப்பம் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை. சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, ஆவிநீர் சொட்டாமல் மேலே தாள் மூடி, இட்லிப் பானையில் தீயை நன்றாகக் குறைத்து, பானை மூடியைச் சற்றே திறந்து வைத்து அவியுங்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு கிண்ணத்தை அசைத்துப் பாருங்கள். ஓரம் நின்று நடு மட்டும் லேசாக ஆடினால் இறக்கிவிடலாம், ஆறும்போது மீதி இறுகும். பெரிய மண்சட்டியில் ஒட்டுமொத்தமாக என்றால் முக்கால் மணி நேரம்வரை ஆகலாம். முதல் நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் பரிமாறும்போது மட்டும் மிளகு தட்டித் தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் ஈரம் பட்டு நிறம் இறங்கிவிடும்.

மீந்தால்?

திரோபாத்தினா குளிர்பெட்டியில் இரண்டு நாள் நன்றாக இருக்கும். பால் முட்டையைச் சூடுபடுத்த வேண்டாம், ரப்பராகிவிடும். கலவையாகவே மீந்தால் மூடி குளிரில் வைத்து, மறுநாள் காலை கலக்கி ஊற்றுங்கள்.